சம்மாட்டியின் மணற்பெட்டி

மச்சாளை அடக்கம் செய்துவிட்டுச் சேமக்காலையிலிருந்து அவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது பின்னேரம் மூன்றரை மணிதான். ஆனால் ஐப்பசி மழை இருட்டில் வீட்டுக்குள் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. விசுவமடுவில், பெரிய வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீடு அது. சொந்தக்காரர் வவுனியாவுக்குப் போய்விட, முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மரியநேசனும் மனைவி ஜெயரூபினியும் மரியநேசனின் அக்கா ஞானமலரும் இரண்டு வருடமாக அதில் இருந்தார்கள். ஓடு போட்ட பழைய கல்வீடு. நீட்டுக்கு ஒரு நடை, முன்னறை, பின்னறை, கடைசியில் குசினி. நடையில் பகலிலும் வெளிச்சம் விழாது.

பக்கத்து வளவு விமலேஸ்வரி கேத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தாள்.

"அழாதை ரூபினி. உன்னைப்போலப் பெத்த பிள்ளையும் பாத்திராது. ஒரு பக்கம் இழுத்து ஆறு மாசம் கிடந்த மனுசி, நித்திரையிலையே போட்டா. எல்லாருக்கும் கிடைக்குமே உப்பிடியொரு சாவு?"

ஜெயரூபினி தலையை நிமிர்த்தவில்லை. காலமை தேத்தண்ணியோடு போனேன், நல்ல கையை நெஞ்சில் வைத்தபடி கட்டிலில் அப்படியே போயிருந்தார் என்று அவள்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். புருசனுக்குச் சொன்னாள். சுவாமியாருக்குச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது வடிவாகிக்கொண்டே வந்தது.

அது பொய்.

சேலை மாற்ற முன்னறைக்குள் போனவளுக்கு நாற்றம் மூக்கில் அடித்தது. தலையணை நனைந்திருந்தது. அவளுடைய தலையணை. மரியநேசனின் தலையணை பக்கத்தில் காய்ந்தபடி கிடந்தது.

நடையில் சம்மாட்டி குந்தியிருந்தது.

மச்சாளின் பூனை அது. கரையில் இருந்த காலத்தில், வள்ளம் கரை தட்டியதும் வள்ளச் சொந்தக்காரச் சம்மாட்டிபோல முதற்பங்கு தனக்கென்று வந்து குந்துமாம். அதனால் ஞானமலர் மச்சாள் வைத்த பெயர். ஊரை விட்டு ஓடிவந்த அன்று உழவு இயந்திரப் பெட்டியில் இடம் போதவில்லை. மச்சாள் தன் தையல் மெசினை இறக்கிவிட்டுப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். விமலேஸ்வரி வீட்டில் மூன்று வேட்டை நாய்கள் நின்றதால் அதை வெளியே விடுவதில்லை. பின்னறை மூலையில் ஒரு கள்ளிப்பெட்டியைப் பாதியாய் அறுத்து வைத்து, மணல் நிரப்பி, மூன்றே நாளில் மச்சாள் அதைப் பழக்கினார். இரண்டு வருடத்தில் சம்மாட்டி ஒருநாளும் தவறியதில்லை. போகும், மூன்று தரம் கெதியாகச் சுரண்டி மூடும், பங்கு பிரித்து முடித்த முதலாளிபோல நடந்து வரும்.

இப்போது அது பின்னறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. முதுகு மயிர் நட்டுக்கொண்டு நின்றது.

அடுத்த நாள் அவளுடைய பூசைச் சேலையில் போனது. அதற்கடுத்த நாள் அவள் அரிசி புடைக்கும் சுளகில்.

"உனக்குத்தானடி வைச்சிருக்கு வஞ்சகம்," என்று விமலேஸ்வரி வேலிக்கு மேலால் சிரித்தாள். "மனுசன்ரை சாரத்திலை ஒருநாள் போகுதோ பார்."

ஜெயரூபினி எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். மணல்தான் பிழையென்று நினைத்து அதைக் கொட்டிவிட்டுக் குளக்கரையிலிருந்து புதுமணல் அள்ளிவந்து அரித்துப் போட்டாள். பூனை எட்டியும் பார்க்கவில்லை. பெட்டியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, மழை விட்ட ஒரு பகல் முழுவதும் வெயிலில் வைத்தாள். அப்போதும் இல்லை. அந்த மூலைதான் அதற்குப் பிடிக்கவில்லையோ என்று, ஒரு பின்னேரம் பெட்டியைத் தூக்கிக் குசினி வாசலடியில் வைத்தாள்.

காலையில் பெட்டி பின்னறை மூலையில் இருந்தது.

"நீங்களோ எடுத்து வைச்சனீங்கள்?"

"எனக்கு வேறை வேலையில்லையே?" மரியநேசன் குளத்துக்குக் கொண்டுபோகும் வலையை உதறினான். "இஞ்சை பார் ரூபினி. முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கரைச்சனம் முழுக்க வரப்போகுது. வீடு நாறுது. அதுக்குள்ளை உந்தப் பூனை திருந்தாட்டி, சாக்கிலை கட்டிக் காட்டுக்கரையிலை விட்டிட்டு வருவன்."

"நாயள் கிழிச்சுப்போடும். அது மச்சாளின்ரை பூனையல்லே?"

"அக்கா இருந்திருந்தா அவவே வெட்கத்திலை செத்திருப்பா."

சும்மாதான் சொன்னான். ஜெயரூபினியின் கையிலிருந்த அகப்பை நழுவி அடுப்புச் சாம்பலில் விழுந்தது.

பூசைக்கு நான்கு நாள் இருக்கும்போது சிற்றம்பலத்தார் விமலேஸ்வரியின் பசுவைப் பார்க்கச் சைக்கிளில் வந்தார். மிருக வைத்தியப் பகுதியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஜெயரூபினி அவரை மறித்துக் கூட்டிவந்தாள். அவர் சம்மாட்டியை மடியில் வைத்து அடிவயிற்றை அமத்திப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"சலம் போகேக்கை முக்கிக் கத்துதோ?"

"இல்லை ஐயா."

"ரத்தம் கித்தம்?"

"இல்லை."

"மணல் மாத்தினனீரோ? இடம் மாத்தினனீரோ?"

அவள் செய்ததையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

"பூனையிலை பிழையில்லைப் பிள்ளை. பூனை சரியான வெட்கக்காரச் சீவன். தன்ரை இடத்திலை தனக்குப் பழக்கமில்லாத ஆரும் போனா, பிறகு அதிலை கால் வையாது." அவர் சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டினார். "வேறை ஏதோ உந்தப் பெட்டியைப் பாவிக்குது. கடுவன் பூனை ஒண்டு வந்து போகுதோ தெரியாது. மணலை மட்டமாத் தடவி விட்டிட்டுப் பாரும். தடம் கிடக்கும்."

அவள் மணலைச் சுளகின் விளிம்பால் மட்டமாய்த் தடவினாள். பெட்டியைச் சுற்றி நிலத்தில் சாம்பல் அரித்துத் தூவினாள். பின்னறைக்கு இருந்த ஒரே ஜன்னலைக் கொளுக்கி போட்டுச் சாத்தினாள். கதவை இழுத்து மூடிவிட்டு நடையில் பாய் விரித்து இருந்தாள். மத்தியானம் இரண்டு மணி. மழை ஓட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ தூரத்தில் ஷெல் விழும் ஓசை கதவை நடுங்க வைத்து ஓய்ந்தது. சம்மாட்டி அவள் மடியில் படுத்திருந்தது.

இனி உள்ளே எது அசைந்தாலும் அது பூனை அல்ல.

உள்ளே ஏதோ இழுபட்டது. துணி நிலத்தில் உரசி நகரும் சத்தம். நிற்கும். மூச்சு வாங்குவதுபோல ஓர் இடைவெளி. பிறகும் உரசும்.

சம்மாட்டியின் நகங்கள் அவள் தொடைக்குள் இறங்கின.

பெட்டியின் பலகை கிறீச்சிட்டது. பாரம் ஒன்று அதன் விளிம்பில் சாய்ந்திருக்கிறது.

பிறகு மணல்.

சர்...

நீண்ட நேரம் ஒன்றுமில்லை.

சர்...

பூனை சுரண்டினால் கெதியாய் மூன்று தரம்; முடிந்துவிடும். இது ஆறுதலாக, பார்த்துப் பார்த்து, ஒரு துளியும் வெளியே தெரியக்கூடாதென்று மூடுகிற சத்தம்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

சத்தம் நின்று வெகுநேரத்துக்குப் பிறகே கதவைத் திறந்தாள். உள்ளே யாருமில்லை. சாம்பலில் கட்டிலடியிலிருந்து பெட்டிவரை அகலமான ஓர் இழுவைத் தடம். பெட்டியடியில் இரண்டு முழங்கால் பதிந்த அடையாளம். மணலில் நான்கு விரற்கோடுகள். இடது கை. கைக்கு எட்டியமட்டும் மூடியிருந்தது. எட்டாத வலது மூலையில் மட்டும் மணல் அவள் தடவியபடி மட்டமாய் இருந்தது.

மச்சாளுக்கு இழுத்தது வலது பக்கம்.

ஜெயரூபினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பயத்தைவிட முன்னுக்கு வந்தது வேறொன்று. முகம் அடுப்பருகில் நிற்பதுபோலச் சுட்டது.

போன ஆவணி மாதத்து முதல் வெள்ளி. நோயாளிக்கு நற்கருணை கொடுக்கச் சுவாமியார் வந்திருந்தார்; கூடவே கோயில் பெண்கள் நான்கு பேர். அந்த நேரம் பார்த்துக் கட்டில் நனைந்துவிட்டது. விடியவிடியத் தண்ணீர் அள்ளித் துவைத்துக் கை புண்ணாகியிருந்த ஜெயரூபினி, எல்லோரும் கேட்கச் சொன்னாள்: "சம்மாட்டிக்கு இருக்கிற ஒழுங்குகூட உங்களுக்கு இல்லையே மச்சாள்." ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கோயில் பீடத்துக்கு விரிப்புத் தைத்த மச்சாள், ஒரு நூல் தொங்கினாலும் பிரித்துத் தைக்கிறவர், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு தண்ணீர் கேட்பதை நிறுத்தினார். ஒருமுறை மட்டும், "கை கழுவ ஒரு துண்டுச் சவர்க்காரம் இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். அரிசித் தகரத்துக்குள் பிரிக்காத கட்டி ஒன்று இருந்தது. இல்லையென்றாள்.

அதற்குப் பிறகு ஒரு விடிபுறம். பின்னறைக்குள் மணல் அரைபடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். மச்சாள் பூனைப் பெட்டியடியில் முழந்தாளில் நின்று இடது கையால் மூடிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்த்தார். இருவர் கண்ணும் சந்தித்தன. ஜெயரூபினி உள்ளே போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தாள். அன்றிலிருந்து கட்டில் நனையவில்லை. துவைக்கும் வேலை இல்லை. அது அவளுக்கு வசதியாயிருந்தது. அதனால் அவள் கேட்கவுமில்லை.

செத்ததும் அங்கேதான். பெட்டி விளிம்பில் நெற்றி முட்டியபடி, விரல் மணலுக்குள் புதைந்தபடி. புருசன் எழும்புமுன் தனி ஆளாய்த் தூக்கிக் கட்டிலில் போட்டு, விரல்களைத் துடைத்துவிட்டாள். நகக்கண்ணில் மணல் இருந்தது. அதை எடுக்க நேரம் இருக்கவில்லை.

பூசைக்கு முதல்நாட் காலை, மரியநேசன் சாக்கோடு வந்து சம்மாட்டியின் பிடரியைப் பிடித்தான். பூனை கத்தவில்லை. காலை ஒடுக்கிக்கொண்டு, ஏதோ பிழை செய்ததுபோல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியது.

"விடுங்கோ."

"விசரே உனக்கு? நேற்றும் உன்ரை பாயிலைதானே போனது."

"அதிலை பிழையில்லை. நான்தான்." அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். "மச்சாள் கட்டிலிலை சாகேல்லை."

எல்லாவற்றையும் சொன்னாள். சிரித்தவளின் பெயரையும் சொல்லவில்லை, தன் கை புண்ணானதையும் சொல்லவில்லை. தான் சொன்னதையும், சாத்திய கதவையும், இப்போது மணலில் கண்ட தடத்தையும் மட்டும் சொன்னாள். மரியநேசனின் கை சாக்கின் வாயைத் திருகியபடி நின்றது.

"உன்னைக் கண்டவவோ?"

"ஓம்."

"கண்டாப் பிறகும் சாத்தினனீ."

"ஓம்."

அவன் சாக்கை அவள் மடியில் எறிந்துவிட்டுக் குளத்துப் பக்கம் போனான். திரும்பி வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. அவளோடு கதைக்கவில்லை. ஆனால் வழியில் காட்டுத்தடி இரண்டு வெட்டிக்கொண்டு வந்திருந்தான். பின்னறை மூலையில் ஒரு மறைப்புக்காக அவற்றைச் சுவரோடு நிறுத்திக் கயிறு கட்டிவிட்டு, வெளியே போய்ப் படுத்தான்.

கயிற்றில் அவள் மச்சாள் தைத்த வெள்ளை விரிப்பைத் திரையாகத் தொங்கவிட்டாள். உள்ளே ஒரு கதிரையின் இருக்கையில் நடுவே ஓட்டை அறுத்து வைத்தாள். கீழே எனாமல் பேசின். பக்கத்தில் குடத்தில் தண்ணீர், அள்ள ஒரு தகரப் பேணி. அரிசித் தகரத்திலிருந்து சவர்க்காரத்தை எடுத்துக் கடதாசியைப் பிரித்தாள். கட்டி முழுதாய் இருந்தது. சிரட்டையில் வைத்தாள். கள்ளிப்பெட்டியைக் குசினி வாசலடிக்குக் கொண்டுபோனாள். திரையைப் பாதி திறந்தபடி விட்டு வந்தாள்.

விடிந்தபோது முற்றத்தில் சனம் கூடிவிட்டது. கரையிலிருந்து வந்தவர்களின் குரலும் விமலேஸ்வரியின் குரலும் கேட்டன. ஜெயரூபினி குசினிக்குப் போனாள்.

சரக், சரக், சரக்.

கெதியாய் மூன்று தரம். சம்மாட்டி பெட்டியிலிருந்து இறங்கி, காலை உதறி, அவளைப் பார்க்காமல் நடந்து போனது.

அவள் பின்னறைக்குள் போனாள்.

திரை முழுதாய்ச் சாத்தியிருந்தது. காற்று இல்லை. அதன் ஓரம் உட்பக்கமாய் இழுபட்டு, யாரோ இறுக்கிப் பிடித்திருப்பதுபோல நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் கை அதை விலக்கப் போனது. நின்றது.

திரும்பித் திரைக்கு முதுகு காட்டி நின்றாள்.

"மச்சாள்," என்றாள் மெல்ல. "நான் வெளியிலைதான் நிக்கிறன். ஒருதரையும் உள்ளை விடமாட்டன். ஆறுதலாப் போங்கோ."

"ரூபினி!" என்று முற்றத்திலிருந்து மரியநேசன் கூப்பிட்டான். "பூசைக்கு மணியடிச்சிட்டுது. என்ன செய்யிறாய் அங்கை?"

அவள் அசையவில்லை.

முதுகுக்குப் பின்னால் பேணி குடத்தில் முட்டியது. தண்ணீர் வார்க்கும் சத்தம். கொஞ்சம் நிறுத்தி, பிறகும் கொஞ்சம். ஒற்றைக் கையால் வார்க்கும் சத்தம்.

திரைக்கு அடியால் மெல்லிய ஒரு நீர்க்கோடு நிலத்தில் ஊர்ந்து வந்தது. நுரையோடு வந்து அவள் குதிக்காலைத் தொட்டது.

சவர்க்காரம் மணத்தது.