கடைசி அனுமதி மாலை நான்கு மணி

அந்தப் பெண் மாடிப்படி ஏறி வந்தபோது நிதானம் காலைப் பேப்பரின் இரண்டாம் பக்கத்தில்தான் இருந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் பொய் விபத்துகளைத் துருவித் துருவியே ஓய்வு பெற்றவர். தலையில் இடி விழுந்தாலும் குடையை மடித்து வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார் என்று ஊர் வைத்த பெயர் அது. அவருடைய தங்கை கணவர் நேர்மாறு. கீழே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே கார்ச் சாவியோடு அவள் பின்னாலேயே மேலே வந்துவிட்டார். நிதானம் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

"எங்கப்பாவைக் காணோம் சார்," என்றாள் அவள். "மலைமேல இருக்கிற தேசியப் பூங்காவுக்குப் போனவர் ஞாயித்துக்கிழமையிலேர்ந்து திரும்பல. கார் அங்கேயே நிக்குது. பாறை விளிம்புல மடிச்சு வெச்ச கோட்டும் கைத்தடியும் கிடைச்சிருக்கு. பள்ளத்துல தேடிட்டே இருக்காங்க. இன்னிக்கு சாயங்காலத்தோட கேட்டை மூடிடுவாங்களாம். நாளையிலேர்ந்து பனிக்காலம், நாலு மாசத்துக்கு யாரும் உள்ளே போக முடியாது. எங்கப்பா அங்கேயே கிடக்கணுமா சார்?"

வெளியூரில் டீச்சர் வேலை. செய்தி கேட்டு நேராக மலைக்குப் போனவள், நேற்று முழுக்க அந்த வாசலிலேயே நின்றிருக்கிறாள். செருப்பெல்லாம் சேறு.

"கடைசியா அவரைப் பார்த்தது யாரும்மா?"

"அத்தான். எங்க அத்தை மகன். எங்க வீட்டுக் கீழ்த்தளத்துல ஃபர்னிச்சர் கடை வெச்சிருக்கார், மாடியில அப்பா தனியா இருந்தார். மூணு மணிக்கு அப்பா கார் எடுத்துட்டுப் போனப்போ அத்தான்தான் வெளிக்கேட்டைத் திறந்துவிட்டாராம். பாவம், அன்னிலேர்ந்து வீட்டுக்கே போகாம தேடறவங்களோட நிக்கிறார்."

"அப்பா அடிக்கடி அங்கே போவாரா?"

"மாசம் ஒரு தடவை, நடக்கறதுக்கு. காலைல கேட் திறக்கறப்பவே முதல் ஆளா நிப்பார். கொடுத்த காசுக்கு ஒரு நிமிஷம்கூடக் குறையக் கூடாதுன்னு சொல்வார்." அழுதுகொண்டிருந்தவள் லேசாகச் சிரித்துவிட்டாள். "அடுத்த மாசம் வீட்டை வித்துட்டு என்கூட வந்துடறதா இருந்தார். பேரம் பேசாம ஒரு கைக்குட்டைகூட வாங்க மாட்டார். ரெண்டு பேரும் எப்படிக் குப்பை கொட்டப் போறோம்னு கேலி பண்ணிட்டிருந்தோம்."

நிதானம் பேப்பரை மடித்து வைத்தார். மாப்பிள்ளை அதற்குள் படியிறங்கி வண்டியைக் கிளப்பியிருந்தார்.

மலைப்பாதையில் மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. மேலே ஏற ஏற, தேடுபவர்களின் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நீளமாக ஊதுவார்கள், பிறகு பதிலுக்காகக் காத்திருப்பார்கள். பள்ளம் அதே விசிலைத் திருப்பிக் கொடுக்கும், வேறொன்றும் கொடுக்காது. மாப்பிள்ளை கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்தார். அந்தப் பெண் ஒவ்வொரு விசிலுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பூங்கா வாசலில் ஒரு பெரிய பலகை. முழுக் கட்டணம் வெள்ளைச் சீட்டு. குழந்தைகளுக்கும், அடையாள அட்டை காட்டும் அறுபது கடந்தவர்களுக்கும் அரைக் கட்டணம், பச்சைச் சீட்டு. வாயில் திறப்பது காலை ஆறு, கடைசி அனுமதி மாலை நான்கு, மூடுவது ஆறு. நிதானம் அதைக் கோயில் கல்வெட்டு போல எழுத்து எழுத்தாகப் படித்தார். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அத்தை மகன் ஓடி வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், உயரமானவன், தூக்கமில்லாத கண்கள். "கிழக்குப் பள்ளத்துல இன்னும் கீழே இறங்கிப் பார்க்கணும் சார். நான் சொல்லிட்டே இருக்கேன், யாரும் கேக்க மாட்டேங்கறாங்க," என்று நிதானத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். "அன்னிக்கு மத்தியானம் மாமா அசந்து தூங்கிட்டார். அதான் லேட்டு. இருட்டப் போகுது, வேண்டாம்னு நான் தடுத்திருக்கணும்." டீச்சர் அவன் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாள்.

வனச்சரகர் தன் அறையில் கோட்டையும் தடியையும் மேசைமேல் வைத்திருந்தார். கோட்டுப் பையிலிருந்து எடுத்தவை பக்கத்தில் கிடந்தன: இருமல் மாத்திரை, முதியோர் அடையாள அட்டை, மூன்றரைக்கு மேல் வாங்கியதாக நேரம் அச்சிட்ட ஒரு வெள்ளைச் சீட்டு.

"யாரோ தள்ளி விட்டிருக்காங்க மச்சான்," என்று மாப்பிள்ளை காதோரம் கிசுகிசுத்தார்.

"கோட்டைக் கழட்டி மடிச்சு வெச்சுட்டு வாங்கன்னு சொல்லித் தள்ளினானா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை கோட்டை இன்னொரு தடவை பார்த்தார்.

நிதானம் சீட்டு கொடுக்கும் ஜன்னலோரம் போய்ச் சும்மா நின்றார். பருவத்தின் கடைசி நாள் என்பதால் கொஞ்சம் கூட்டம் இருந்தது. ஒரு வயதான அம்மாள் அட்டையை நீட்டினாள். "மஃப்ளரை இறக்குங்கம்மா, முகத்தைப் பார்க்கணும்," என்றாள் சீட்டு கொடுப்பவள். அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் பச்சைச் சீட்டு வந்தது. "அடுத்தவங்க அட்டையைக் கொண்டுவந்து ஏமாத்தறாங்க சார்," என்று நிதானத்திடம் சொன்னாள். அவள் இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். ஞாயிறன்று வந்த பெரியவரை நினைவிருக்கிறதா என்று கேட்டார். "கோட்டு, குல்லா, மஃப்ளர், தடி. கூனிக்கிட்டு இருமிட்டே இருந்தார். கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது."

"வெளியே போறவங்களைப் பார்ப்பீங்களா?"

"போறவங்களை எதுக்கு சார் பார்க்கணும்? கடைசி பஸ்ஸுக்கு எல்லாரும் முட்டி மோதிட்டு ஓடுவாங்க."

நிதானம் வனச்சரகரின் அறைக்குத் திரும்பினார். கதவைச் சாத்திவிட்டு நகரக் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். அவர் வேகமாகப் பேசி மாப்பிள்ளை கேட்டதே இல்லை. அன்று பேசினார். பிறகு எல்லோரையும் உள்ளே கூப்பிடச் சொன்னார்.

ஜன்னலுக்கு வெளியே தேடும் ஆட்கள் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். விசில் நின்றுபோயிருந்தது.

"டீச்சரம்மா, உங்கப்பா மலையில இல்ல. ஞாயித்துக்கிழமை அவர் இங்கே வரவே இல்ல."

அவளுக்கு எதுவும் புரியவில்லை. "கோட்டு அவரோடது சார்."

"கோட்டு அவரோடது, உள்ளே இருந்த ஆள் வேற. இந்தச் சீட்டைப் பாருங்க, வெள்ளை. முழுக் கட்டணம். மாசா மாசம் வந்து பழகினவர், பையில அட்டை வேற இருக்கு. ஒரு கைக்குட்டைக்குப் பேரம் பேசறவர் ஏன் ரெண்டு மடங்கு கொடுக்கணும்?"

"மறந்திருக்கலாமே," என்றான் அத்தை மகன்.

"மறக்கிற விஷயமா தம்பி அது? அட்டையைக் காட்டினா மஃப்ளரை இறக்கணும், முகத்தைக் காட்டணும். இந்த ஆளால அதைக் காட்ட முடியாது. அதனால பேசாம முழுப் பணத்தை வெச்சுட்டு உள்ளே போயிட்டான். கோட்டையும் தடியையும் விளிம்புல வெச்சுட்டு, கேட் மூடற நேரத்துல கூட்டத்தோட கூட்டமா பஸ் ஏறிட்டான்."

"அப்ப ஏன் அவ்வளவு லேட்டா வந்தான்?" மாப்பிள்ளையால் பொறுக்க முடியவில்லை.

"காலைல வந்திருந்தா மத்தியானமே தேட ஆரம்பிச்சிருப்பாங்க. கடைசி அனுமதிக்கு வந்தா அன்னிக்கு இருட்டிடும். ரெண்டு நாள் தேடுவாங்க, அப்புறம் பனிக்காலம். நாலு மாசம் கழிச்சு ஒண்ணும் கிடைக்கலேன்னா மிருகம் இழுத்துட்டுப் போச்சுன்னு எழுதிடுவாங்க." நிதானம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "பெரியவர் இங்கே வரலேன்னா, மூணு மணிக்கு அவர் காரை ஓட்டிட்டுப் போனதும் நடக்கல. அதைப் பார்த்தேன்னு சொன்ன ஆள் ஒருத்தர்தான். வீட்டை வித்தா கடையைக் காலி பண்ண வேண்டிய ஆளும் அவர்தான்."

எல்லோரும் அத்தை மகனைப் பார்த்தார்கள். அவன் டீச்சரைப் பார்த்தான். "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறார் இவர். உங்கப்பா எனக்கும் அப்பா மாதிரி. உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மச்சான் சொல்வது தப்பாக இருந்துவிட்டால்? வெளியே கடைசிக் கயிறும் வண்டியில் ஏறிவிட்டது. மச்சான் தப்பென்றால் மலையில் ஒரு மனிதரை விட்டுவிட்டுக் கேட்டைப் பூட்டப் போகிறார்கள்.

"கடையோட சாவி எங்கே தம்பி?" என்றார் நிதானம்.

"எதுக்கு?"

"வேண்டாம். பூட்டை உடைக்கச் சொல்லிட்டேன்."

வனச்சரகர் விளக்கைப் போட்டார். அத்தை மகன் எழுந்து கதவுப் பக்கம் போனான். மாப்பிள்ளை தற்செயல்போல அங்கே போய்ச் சாய்ந்துகொண்டார். பள்ளத்திலிருந்து பனி மூட்டம் எழுந்து ஜன்னலை அடைத்தது.

போன் அடித்தது. வனச்சரகர் எடுத்தார், கேட்டார், ம் என்றார், மறுபடி ம் என்றார். போனை வைத்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"கடைக்குப் பின்னால குடோன்ல, மெத்தைகளுக்கு அடியில கிடந்திருக்கார். தலையில அடி. மூச்சு இருக்காம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க."

டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை ஏதோ தெய்வத்தைக் கூப்பிட்டார். அந்தச் சத்தத்துக்கு நடுவே அத்தை மகன் உதட்டை நனைத்துக்கொண்டு, மெதுவாக, வனச்சரகரிடம் கேட்டான்.

"மாமா பேசறாரா?"

தான் கேட்டது என்னவென்று அவனுக்கே அப்புறம்தான் உறைத்தது.

டீச்சர் அவன் எதிரில் வந்து நின்றாள். "ரெண்டு நாளா நான் அழறப்பெல்லாம் பக்கத்துலயே நின்னீங்க அத்தான். தண்ணி கொண்டுவந்து கொடுத்தீங்க. அப்பாவுக்கு உயிர் இருக்குன்னு சொன்னதும் உங்களுக்குக் கேக்கத் தோணினது இதுதானா?"

வனச்சரகர் நாற்காலியை இழுத்துக் கதவை மறித்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம் சார்," என்றாள் அவள் மாப்பிள்ளையிடம். அன்றோடு சரி, அவனை அத்தான் என்று அவள் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை.