படங்குக்குக் கீழே ஒரு பொடி

"பொடியில ஒரு கீறலும் இல்லை அண்ணை... உயிர்தான் போட்டுது."

தேநீர்க் கடைக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த பத்மாசனியின் கை அப்படியே நின்றது.

அவளுடைய கைபேசியைத்தான் அந்த இளைஞன் காதில் வைத்திருந்தான். தன்னுடையதில் சார்ஜ் இல்லை, ஒரேயொரு கோல் எடுக்கலாமோ அக்கா என்று கேட்டு வாங்கியவன். முகம் முழுக்க வியர்வை. சட்டையில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"மாமாவுக்குத் தெரியவே கூடாது. அஞ்சு மணிக்கு முதல் வீட்டை கொண்டுபோய் மூடி வைக்கோணும்... ஓம், மண் அப்பிக் கிடக்கு, கழுவத்தான் வேணும்... நல்ல மொத்தக் கயிறாப் பாத்துக் கொண்டு வாங்கோ. பெரிய படங்கு ஒண்டும் வேணும். வழியில ஆற்ற கண்ணிலயும் படக்கூடாது."

கைபேசியைக் காற்சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். நன்றி சொல்லும்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வன்னியில் செத்தவரின் உடலுக்கும் பொடி என்றுதான் பெயர். வாகனத்தின் கூட்டுக்கும் பொடி என்றுதான் பெயர்.

பத்மாசனியிடம் வாகனம் இருந்ததில்லை. செத்த வீடுகளைத்தான் அவளுக்கு நிறையத் தெரியும்.

அவன் வெளியேறியதும் கதவோரம் ஒதுங்கி நின்று எட்டிப் பார்த்தாள். வேலியோரம் நின்ற பச்சை ஜீப்பின் இலக்கத்தை உள்ளங்கையில் எழுதினாள்.

பிறகு, பொலிசுக்கு அழைத்தாள்.

*

அந்த இளைஞனின் பெயர் சதீஸ்.

நாலு சில்லும் இழுக்கிற அந்த ஜீப் அவனுடையதல்ல. மாமனார் வீரபாகுவுடையது. வட்டக்கச்சியில் அதை அறியாதவர்கள் இல்லை. திருவிழா, கல்யாணம், கூட்டம் எதுவென்றாலும் வீரபாகு அதில்தான் போய் இறங்குவார். ஆனால் மாவட்டத்தைத் தாண்டி ஒருநாளும் கொண்டுபோக மாட்டார். இன்று முல்லைத்தீவுக் கல்யாணத்துக்குக்கூட பஸ்ஸில்தான் போயிருந்தார். ஐந்து மணிக்குத் திரும்பிவிடுவார்.

கல்யாணமாகி இரண்டு வருடங்கள். வீட்டோடு மாப்பிள்ளை. ஒருமுறை ஜீப்பைக் கழுவிவிட்டு, ஆசையில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி இருந்தான் சதீஸ்.

"உமக்கு உது சரிவராது, இறங்கும்," என்றார் மாமா. கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் அதிகம் சுட்டது.

அதே வாரம் ஜெயபுரத்தில் இருக்கும் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டான், தான் ஒரு ஜீப் வாங்கியிருப்பதாக.

மலையகத்திலிருந்து வந்து ஜெயபுரத்துக் காட்டை வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளை அவன். அம்மா சுப்பம்மாவின் பேச்சு இன்னும் அந்தப் பக்கத்துப் பேச்சுத்தான். மாமனார் வீட்டில் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அதனால் அம்மா அழைத்தால் கிணற்றடிக்குப் போய்த்தான் கதைப்பான்.

இன்று காலை தங்கை சிவரூபியைப் பெண் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வாசலில் ஜீப் நிற்க வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தாள். மாமா பஸ் ஏறியதும் ஜீப்பின் திறப்புச் சாவியை எடுத்துவிட்டான். இன்னும் பழகாத ஜீப். அவர்கள் முன்னால் அதன் கதவைத் திறக்கவே மூன்று தரம் முயன்றான். அம்மா எஞ்சின் மூடியான பொனற்றில் திருநீறு பூசினாள். எல்லாம் நல்லபடி முடிந்தது.

புறப்படும்போது அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள், அவன் வீட்டை ஒருக்கா வந்து பார்க்கலாமா என்று. இடம் இல்லை என்றான் சதீஸ்.

ஏழு பேர் இருக்கக்கூடிய ஜீப். அவன் ஒருவன்தான் உள்ளே இருந்தான்.

அம்மா கையசைத்தாள். கண்ணாடியில் அவள் சின்னதாகிக் கொண்டே போனாள். அக்கராயன் தாண்டியதும் எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டு நின்றது.

*

மாமாவின் ஜீப்பை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் தவராசா ஒரு மணி நேரத்தில் உழவு இயந்திரத்தோடு வந்துவிட்டார். அவர் இவ்வளவு வேகமாக யாருக்கும் உதவி சதீஸ் பார்த்ததில்லை. தேநீர்க் கடையிலிருந்து சதீஸ் எடுத்த போனில், எங்கே நிற்கிறது என்பதைக்கூடப் பிறகுதான் கேட்டார். முதலில் கேட்டது இதுதான்:

"பொனற்றை ஆராவது திறந்து பாத்ததோ?"

இல்லை என்ற பிறகுதான் மூச்சு விட்டார்.

இப்போதும் திறக்க விடவில்லை. தெருவில் வைத்துத் திறக்கக் கூடாது, கராச்சில் பார்ப்போம் என்றார். முன்கண்ணாடியை மட்டும் விட்டு, ஜீப் முழுவதையும் தார்ப்பாய்ப் படங்கால் சுற்றிக் கட்டினார். இலக்கத்தகடு மறைந்திருக்கிறதா என்று இரண்டு தரம் குனிந்து பார்த்தார்.

தன் மானத்தைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பாடு படுகிறார் என்று நினைத்தான் சதீஸ். அவனுக்குக் கண் கலங்கியது.

முன்னால் உழவு இயந்திரம். நடுவில் கயிறு. பின்னால், படங்குக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சதீஸ். ஒரு மாடு அவர்களை முந்திக்கொண்டு போனது.

இரணைமடுச் சந்தியில் ஒரு பொலிஸ் மோட்டார் சைக்கிள் பின்னால் வந்து சேர்ந்தது.

நிறுத்தவில்லை. முந்தவுமில்லை. அதே வேகத்தில் தொடர்ந்து வந்தது.

தவராசா திரும்பிப் பார்த்தார். முகம் சாம்பலானது. வேகத்தைக் கூட்டினார். கயிறு விண்ணென்று இழுபட்டது.

"மெல்லமா அண்ணை, அறப்போகுது!"

எதிரே வந்த பெரியவர் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கினார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தலை குனிந்தார்.

ஏன் என்று சதீசுக்கு விளங்கவில்லை.

நாலேகால். தவராசாவின் கைபேசிக்கு அழைப்பு வந்தது. இழுத்தபடியே எடுத்துக் கேட்டார். பிறகு பின்னால் திரும்பிக் கத்தினார்.

"உன்ர மனிசி! வீட்டில பொலிசாம். மாமாவையும் கூப்பிட்டு எடுத்திட்டாங்களாம்."

சதீசுக்கு எல்லாம் விளங்கியது. முடிந்தது. ஜீப்பைக் காணவில்லை என்று மாமாதான் முறைப்பாடு கொடுத்திருப்பார். மருமகன் கள்ளன். ஊருக்கே தெரியப் போகிறது.

உழவு இயந்திரத்தைத் திருப்ப வழியில்லை. பின்னால் பொலிஸ்.

*

வீரபாகு வீட்டுப் படலை அகலத் திறந்து கிடந்தது. ஐம்பது பேராவது நின்றார்கள். பெண்கள் சிலர் தலையில் கை வைத்திருந்தார்கள். குசினி வாசலில் மனைவி தேனுகா, வெளிறிப் போய்.

கல்யாண வேட்டி சால்வையோடு வீரபாகு கதிரையில் இருந்தார். எழும்பவில்லை.

உழவு இயந்திரம் நின்றது. சதீஸ் படங்கை விலக்கி இறங்கினான். நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

சார்ஜன்ட் அருகில் வந்தார்.

"பொடி எங்கை?"

"படங்குக்குக் கீழ, ஐயா."

கூட்டத்தில் ஒருத்தி அழத் தொடங்கினாள்.

"ஆற்ற பொடி?"

"மாமான்ர."

அழுதவள் நிறுத்தினாள். எல்லாத் தலைகளும் வீரபாகு பக்கம் திரும்பின. நெற்றியில் சந்தனம். உயிரோடுதான் இருந்தார்.

சதீஸ் யாரையும் பார்க்கவில்லை. உள்ளே கிடந்ததெல்லாம் அவனையறியாமல் வெளியே வந்தது.

"நான் கேளாமல் எடுத்தனான் ஐயா. தங்கச்சியைப் பாக்க வந்த ஆக்களுக்கு என்ர ஜீப் எண்டு பொய் சொன்னனான். அம்மாவுக்கும் சொன்னனான். பிறகு அம்மாவை ஏத்தாமல், தெருவில விட்டிட்டு வந்தனான்..."

அவன் காது மடல்கள் நெருப்பாய் எரிந்தன. தேனுகா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

சார்ஜன்டுக்கு இதில் பாதிதான் விளங்கியது. அவர் கொலையைப் பிடிக்க வந்தவர். வீரபாகு பக்கம் திரும்பினார்.

"இவர் பொடி உங்கட எண்டு சொல்லுறார். நீங்கள் என்ன சொல்லுறியள்? உண்மையைச் சொல்லுங்கோ."

வீரபாகு கதிரையின் நுனிக்கு வந்தார். சால்வை தோளிலிருந்து நழுவி விழுந்தது. எழும்பப் பார்த்தார். திரும்ப இருந்துவிட்டார்.

"பொடி என்ர இல்லை, ஐயா..."

"அப்ப ஆற்ற?"

"சத்தியமாத் தெரியாது. களவெடுத்த ஜீப்பின்ர பொடி. மலிவா வருகுது எண்டு வாங்கினனான். எஞ்சினும் அடிச்சட்டம் செசியும் மட்டும்தான் என்ர பழைய ஜீப்பின்ர." அவர் விரல் உழவு இயந்திரத்தை நோக்கி நீண்டது. "வெட்டி ஒட்டி, நம்பர் அடிச்சுத் தந்தது உவன்!"

உழவு இயந்திரத்தின் இருக்கை காலியாக இருந்தது.

தவராசா வயல் வரம்பில் ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் அதைப் போட்டுவிட்டுத் துரத்தினார். மூன்றாவது வரம்பில் இருவரும் சேற்றுக்குள் விழுந்தார்கள். எழும்பும்போது தவராசாவின் கையில் விலங்கு.

சார்ஜன்ட் படங்கை முழுவதும் இழுத்து விலக்கினார். பின் இருக்கையைப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்து ஜீப்பின் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"அப்ப... செத்தது ஆர்?"

"எஞ்சின், ஐயா," என்றான் சதீஸ்.

*

பொலிஸ் வாகனத்தில் ஏறும்போது வீரபாகு மருமகனைப் பார்த்தார். முதல் தடவையாக, அவர்தான் முதலில் தலை குனிந்தார்.

சதீசுக்கு அதைப் பார்க்கச் சந்தோசம் வரவில்லை. அந்தத் தலைகுனிவு அவனுக்கு நல்லாய்த் தெரிந்தது. இவ்வளவு நாளும் அவன் கழுத்தில் இருந்தது அதுதான்.

தேனுகாவின் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்து அவனிடம் நீட்டினாள்.

"உங்கட அம்மா."

வழக்கம்போலக் கால் கிணற்றடிப் பக்கம் திரும்பியது. பிறகு நின்றது. முற்றத்தின் நடுவில், ஐம்பது பேருக்கு முன்னால், சதீஸ் தன் அம்மாவின் பேச்சில் கதைத்தான்.

"சொல்லும்மா."

"ஜீப்பு பத்திரமா வீடு வந்து சேந்துச்சாப்பா?"

"சேந்துருச்சும்மா..." கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான். "அம்மா, அது என்னோடது இல்லம்மா."

"அது காலையிலேயே தெரியும்ப்பா. கதவத் தொறக்கவே மூணு தடவ தடுமாறுனியே. மாமனாரோடதா?"

"அவரோடதும் இல்லம்மா."

"பின்ன யாரோடதுதான்ப்பா?"

தலையைச் சொறிந்துகொண்டு ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்த சார்ஜன்டை சதீஸ் ஒரு பார்வை பார்த்தான்.

"அதத்தாம்மா இங்க போலீசும் கேட்டுக்கிட்டு இருக்கு."