ஸம்ஸியாவின் குளுசைகள்

சுபஹுத் தொழுகை முடிந்து ஸம்ஸியா குசினிக்குள் வந்தபோது, அவளுடைய சோற்றுக் கோப்பையும் கிளாசும் கிணற்றடியில் தனியே வைக்கப்பட்டிருந்தன. மாமி சுஹறா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"இனி ஒண்ட சாமானெல்லாம் அங்கதான். குசினிக்குள்ள வராத."

ஸம்ஸியாவால் வாயைத் திறக்க முடியவில்லை. நான்கு நாளாகக் காய்ச்சல். உதடு வெடித்து, வாய்க்குள் எல்லாம் புண். கழுத்திலும் நெஞ்சிலும் எழும்பியிருந்த சிவப்புத் தடிப்புகள் இன்று கொப்புளமாகியிருந்தன.

சுஹறா இடுப்பிலிருந்து மாத்திரைகள் குலுங்கிய ஒரு மருந்துப் போத்தலை எடுத்துக் காட்டினாள்.

"ஒண்ட அலுமாரிக்குள்ள இரிந்த. பாமசியில கேட்டுட்டன்… எயிட்ஸ் குளுசையாம். எண்ட மகன் கட்டார் வெயில்ல காயக்குள்ள நீ இஞ்ச என்ன செஞ்ச?"

வாசலில் அந்த மகன், ஸம்ஸியாவின் கணவன் றஸாக் நின்றிருந்தான். ஸம்ஸியா அவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அது ஸம்ஸியாவின் சீதன வீடு. சுனாமியில் வீட்டையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் பறிகொடுத்து, உடுத்த சீலையோடு நின்ற மாமியை அவள்தான் கைபிடித்து அழைத்து வந்தாள். போன வருடம் நாட்டில் சண்டை முடிந்த கையோடு றஸாக் கட்டாரிலிருந்து திரும்பினான். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றான். இரத்தப் பரிசோதனையில் எயிட்ஸ் கிருமி தெரிந்து திருப்பி அனுப்பப்பட்டதை மனைவியிடம் சொல்லவே ஆறு மாதம் எடுத்தான். அதற்குள் அவளுக்கும் தொற்றிவிட்டது.

"உம்மாக்குத் தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சு மவுத்தாயிடுவா" என்று அழுதான். கிளினிக்குக்கு வரவும் வெட்கப்பட்டான். அவள் தனியே கொழும்புக்குப் போய் மருந்தெடுத்தாள். தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

மத்தியானம் அவளுடைய கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள்.

"புதுசா ஏதும் மருந்து குடிச்சவவா?" என்று லேடி டொக்டர் கேட்டார்.

"இல்ல" என்று சுஹறா முந்திக்கொண்டாள். போத்தல் அவளுடைய சீலைத் தலைப்பில் முடியப்பட்டிருந்தது. ஊர் அறிந்தால் மானம் போய்விடும்.

"யோசிச்சுச் சொல்லுங்க. இது அரிதா வாற தோல் வருத்தம். ஏதோ ஒரு மருந்துதான் காரணமா இருக்கலாம். அதை உடனே நிப்பாட்டாட்டிக் கண் போயிடும். உயிருக்கும் ஆபத்து."

கட்டிலில் ஸம்ஸியா முனகினாள். றஸாக் உம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து முடிச்சை அவிழ்த்தான்.

"இந்த மருந்து, டொக்டர். மூணு கிழமையாக் குடிக்கிறா." அவன் உம்மாவின் பக்கம் திரும்பினான். "இந்தக் கிருமி முதல் எனக்குத்தான் வந்த. என்னாலதான் இவவுக்கும்… உம்மா, இவ ஒரு பிழையும் செய்யல்ல."

சுஹறா போய் மருமகளின் கட்டிலடியில் உட்கார்ந்தாள்.

டொக்டர் போத்தலைத் திருப்பிப் பார்த்தார். "இதாத்தான் இருக்கணும். மிகக் கொஞ்சப் பேருக்குத்தான் இப்படி வரும். இனி இதை அவ தொடவே கூடாது. வேற மருந்து இருக்கு."

கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்தது. பன்னிரண்டு நாள் சுஹறா கட்டிலை விட்டு அசையவில்லை. கரண்டியால் கஞ்சித் தண்ணியைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். பதின்மூன்றாம் நாள் ஸம்ஸியாவுக்குக் குரல் வந்தது.

"ஏன் புள்ள, நீ ஒரு சொல்லும் செல்லல்ல?" சுஹறாவின் கண்ணீர் வழிந்தது.

"ரெண்டு பிள்ளைகளைக் கடல் கொண்டு போயிட்டுது மாமி… இரிக்கிற ஒண்டையும் நீங்க வெறுத்தா, ஒங்களுக்கு ஆர் இரிக்கா?"

சுஹறா சீலைத் தலைப்பை வாயில் வைத்து அழுகையை அடக்கிக்கொண்டாள்.

"ஆனா இனி மறைக்க மாட்டன்" என்று ஸம்ஸியா கணவன் பக்கம் திரும்பினாள். "நான் எழும்பினதும் கிளினிக்குக்கு ரெண்டு பேரும் போறம். நீங்க வராட்டி எண்ட ஊட்டுக்கும் வர வாணாம்."

"வாறன்" என்றான் றஸாக், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"வராட்டி நான் இழுத்துட்டு வாறன்" என்றாள் சுஹறா.

மருமகளைக் கட்டிப்பிடிக்கக் கை நீண்டது. உரிந்த தோள்களைக் கண்டு நின்றது. எங்கே தொட்டாலும் நோகும். தலையில் மட்டும் புண் இல்லை. சுஹறா தன் உள்ளங்கையை அந்தத் தலைமேல் மெல்ல வைத்து, ஸம்ஸியா தூங்கும்வரை எடுக்காமல் இருந்தாள்.