ஆஸ்வால்டின் ஒன்பதாவது ஆண்டு

அடுத்த அறையில் ஷில்பாவின் மகள் அனன்யா தனியாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அங்கிருந்து வந்தது நாலு வயதுக் குழந்தையின் இருமல் இல்லை. நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பி, பாதி வழியில் சளியில் சிக்கி, நீண்ட இழுப்பாக இழுத்து, கடைசியில் ‘ம்ஹூம்’ என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ளும் இருமல். வருஷக்கணக்காகத் தூசியைத் தின்ற நெஞ்சுக்குத்தான் அப்படி வரும். ஷில்பா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். வெளியே காலையிலிருந்து விடாத மழை, சமையலறையில் மாமியார் ரமா வடை போடும் எண்ணெயின் சலசலப்பு, எட்டாவது கிராஸ் தெருவில் ஏதோ ஆட்டோவின் ஹாரன். மற்றபடி ஒன்றுமில்லை.

எழுந்து போய்ப் பார்த்தாள். குழந்தை வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கியது. நெற்றியில் கை வைத்தாள். சூடு இல்லை, மூக்கில் சளியும் இல்லை. அறையில் மட்டும் பிளீச்சிங் பவுடர் வாடை மெலிதாக அடித்தது. பாத்ரூம் கழுவியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

பொம்மனஹள்ளியில் இருக்கும் அவளுடைய கம்பெனி, வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுவரில் மாட்ட வம்சாவளிப் படம் போட்டுக் கொடுக்கும். இந்த வாரம் அவள் கையில் இருந்தது ஒரு பல் டாக்டரின் வம்சம். கனடாவில் எங்கோ இருக்கிறார். தன் உடம்பில் ஓடுவது ஆங்கிலோ-சாக்ஸன் ராஜாக்களின் ரத்தம் என்று மனிதருக்கு எப்படியோ தோன்றிவிட்டது. அந்த ராஜாக்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த நாளிலும், கென்ட் ஆகட்டும் மெர்சியா ஆகட்டும், அநேகமாக எல்லாருமே தங்கள் பரம்பரையை வோடன் என்ற தெய்வத்திடம் கொண்டுபோய் முடிந்துகொண்டார்கள். கிறித்தவர்களான பிறகு வோடன் கொஞ்சம் சங்கடமாகிப் போனார். விட்டார்களா? வெஸ்ஸெக்ஸ்காரர்கள் அவரை ஒரு சாதாரண முப்பாட்டனாக உட்கார வைத்துவிட்டு, நோவாவின் பேழையில் பிறந்த ஒரு பிள்ளை வழியாக ஆதாம் வரைக்கும் ஏறிவிட்டார்கள். வேண்டாத அப்பனை மறைத்து வேண்டிய அப்பனை ஒட்டிக்கொள்ளும் வித்தை ஷில்பாவுக்குப் புதிதில்லை.

திரையில் நார்தம்ப்ரியாவின் ராஜாக்கள் வரிசையாக நின்றார்கள். ஆஸ்வால்டின் கட்டத்தைச் சுற்றி கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டிருந்தது. 634-ல் பட்டத்துக்கு வந்து 642-ல் செத்தவர், எட்டு வருஷம். பழைய குறிப்பிலோ ஒன்பது என்று இருந்தது. தன் தப்பாக்கும் என்று நினைத்து மறுபடி படித்தாள். தப்பில்லை. எட்வின் ராஜா போரில் செத்ததும் ராஜ்ஜியம் இரண்டாக உடைந்து, ஒரு பாதி ஆஸ்ரிக்குக்கும் மறு பாதி ஈன்ஃப்ரித்துக்கும் போனது. இருவரும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். முடி தலையில் ஏறியதும் பழைய தெய்வங்களிடம் திரும்பிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் எதிரி ராஜா இருவரையும் கொன்றான். ஈன்ஃப்ரித்தின் தம்பி ஆஸ்வால்ட் வந்து சிலுவை நட்டுப் புனிதரானார். காலக்கணக்கு எழுதியவர்களுக்கு அந்த இருவரையும் நினைத்தாலே அவமானம். கூடிப் பேசி, வரிசையிலிருந்து பெயர்களையே எடுத்துவிட்டார்கள். அவர்கள் ஆண்ட வருஷத்தை என்ன செய்வது? அடுத்து வந்த ஆஸ்வால்டின் தலையில் ஏற்றினார்கள்.

‘அந்த இரண்டு பேரும் என் சுவரில் வேண்டாம்’ என்று பல் டாக்டரும் எழுதியிருந்தார்.

பெயரை எடுத்துவிடலாம். ஆண்டை எடுக்க முடியாது. அது யார் தலையிலாவது இறங்கியாக வேண்டும். ஷில்பா சும்மா பார்ப்பதற்காக இரண்டு கட்டங்களையும் திரும்ப வைத்தாள். சிவப்புக் கோடு மறைந்தது. ஆஸ்வால்டின் கணக்கு எட்டுக்கு இறங்கி நின்றது.

அடுத்த அறையில் மறுபடியும் இருமல்.

இந்த முறை அவளுக்கு அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. முதல் தடவையே தெரிந்திருந்தது, ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் நிஜம். அது அப்பாவின் இருமல். ஜோகுபாளையத்து ஒற்றை அறையில், விடியற்காலை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாநகராட்சி வேலைக்குக் கிளம்பும் முன் முனியப்பன் இருமும் இருமல்.

ஐந்து வருஷத்துக்கு முன் கல்யாணப் பேச்சில் ரித்விக்கின் அம்மா ரமா முதன்முதலாக அப்பாவைப் பற்றிக் கேட்டபோது, “அப்பா இல்லீங்க” என்று சொல்லிவிட்டாள் ஷில்பா. தெரு கூட்டுகிறார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ரமா பாவம், உண்மையாகவே வருத்தப்பட்டு, “பேரு என்னம்மா?” என்று கேட்டாள். அதற்கும் கூசி, “சேஷகிரி” என்றாள். ஆபீஸ் கேட்டில் அப்படி ஒரு பெயர்ப்பலகை பார்த்த ஞாபகம். ரித்விக்கும் அதையே நம்பினான். விஷயத்தைக் கேட்டு அப்பா சிரித்தார். “செத்தவனுக்கு வேல ஒண்ணும் இல்ல பாப்பா, நிம்மதி” என்றார். கல்யாணத்தில் தாய்மாமன் கோவிந்தப்பாதான் தாரை வார்த்தார்.

ரமா பெரிய மனசுக்காரி. அதுதான் வினையாகப் போயிற்று. ஒவ்வொரு மகாளய அமாவாசைக்கும் தன் கணவர் ஷங்கருக்கு இலை போடும்போது, “பொண்ணைப் பெத்துக் குடுத்த மனுஷனுக்கும் ஒரு இலை” என்று சேஷகிரிக்கும் படைத்தாள். அங்கே முனியப்பன் உயிரோடு ரேஷன் அரிசிச் சோறு தின்றுகொண்டிருக்க, இங்கே ஷில்பா அவருக்குக் கற்பூரம் காட்டினாள். அந்த இலைச் சோற்றைக் காக்கை தொட்டதே இல்லை. “உங்கப்பாவுக்கு என்ன மனக்குறையோ” என்று ரமா வருஷா வருஷம் கவலைப்பட்டாள்.

போன மாதம் தம்பி சீனு போன் செய்தான். “அக்கா, அப்பா போயிட்டாரு. மத்தியானம் எடுக்கறோம். நீ வர்றியா, இல்ல...” அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. அவள் முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். வழியில் தலைக்குக் குளித்து வீட்டுக்கு வந்து, மழையில் நனைந்துவிட்டேன் என்றாள். ஏற்கனவே செத்தவர் மறுபடி எப்படிச் சாவார்? அந்த அழுகையை அவள் இன்னும் அழவில்லை. வெட்கக்கேடு என்றால் இதுதான், அது அவளுக்கே தெரியும்.

அப்படியானால் அவர் செத்துப்போனவராக வாழ்ந்த அந்த ஐந்து வருஷம்? அது யார் கணக்கில்?

“இன்னும் வேல முடியலயா பாப்பா?”

ஷில்பா திரும்பினாள். வாசற்படியில் அனன்யா குந்தி உட்கார்ந்திருந்தது. இரண்டு முழங்கையும் முழங்காலில், விரல்கள் கீழே தொங்கியபடி. கன்னத்தில் தலையணைக் கோடு.

“யாருடி உனக்கு இப்படிக் கூப்பிடச் சொல்லிக் குடுத்தது?”

குழந்தை விழித்தது. “மம்மி, பசிக்குது” என்றது. பழைய குரல்தான். அவள் பாய்ந்து போய் அள்ளிக்கொண்டாள். உச்சந்தலையில் முகம் வைத்தபோது பீடி வாடை. வகிட்டின் ஓரத்தில் நீளமாக ஒரு வெள்ளை முடி. அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு. குழந்தைக்கு என்ன ஆயிற்று என்ற பயத்துக்கு முன்னால், அத்தை பார்த்துவிடக் கூடாதே என்ற எண்ணம்தான் வந்தது. வெடுக்கென்று பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். குழந்தையின் உள்ளங்கையைப் பிரித்துத் தடவினாள். கட்டைவிரல் அடியில் தோல் காய்த்துத் தடித்திருந்தது. துடைப்பம் பிடித்துக் காய்த்த இடம்.

கரண்ட் போனது.

ரித்விக் ஆபீசிலிருந்து வரத் தாமதமானதால் இந்த வருஷத்து மகாளய அமாவாசைப் படையல் மாலைக்குத் தள்ளிப்போயிருந்தது. அவன் நனைந்து வந்து சேர்ந்தபோது மழை இருட்டில் கூடம் ராத்திரி மாதிரி ஆகிவிட்டிருந்தது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் இரண்டு இலைகள். ஒன்றின் எதிரே ஷங்கரின் படம். படம் இல்லாத சேஷகிரிக்கு ஒரு செம்பும் பூவும்.

“புட்டி, ஏன் அங்கயே நிக்கறே? உள்ள வா” என்று பேத்தியைச் செல்லமாகக் கூப்பிட்டாள் ரமா.

அனன்யா பின்வாசல் நிலையைத் தாண்டி வரவில்லை. இருட்டில் அதன் கவுன் மட்டும் தெரிந்தது.

“பரவால்லீங்கம்மா. நான் இங்கயே குந்திக்கறேன்.”

ரமா சிரித்துவிட்டாள். “வேலைக்கு வர்றவங்க பேச்ச அப்படியே புடிச்சுக்குதுடா ரித்விக்!” அவனும் செல்போனைப் பார்த்தபடியே சிரித்தான். ஷில்பாவின் முகம் எரிந்தது. அவர்களுக்குக் கேட்கவில்லையா? அந்தக் குரலில் இருந்த கரகரப்பு? ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சில் விசில் அடிக்கிறதே, அது?

அவள் முடிவு செய்துவிட்டாள். ஒரே ஒரு பெயர். அதைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். குழந்தை குழந்தையாகிவிடும். அதற்கப்புறம் அத்தை என்ன நினைத்தால் என்ன, ரித்விக் பேசாமல் போனால் என்ன. என் பிள்ளை எனக்கு வேண்டும்.

ரமா கற்பூரத்தட்டை நீட்டினாள். “அப்பா பேரச் சொல்லிக் கூப்பிடும்மா. வந்து சாப்பிடட்டும்.”

ஷில்பா தட்டை வாங்கினாள். பின்வாசலில் மூச்சு இழுத்தது. விசில். இழுப்பு. விசில். அவள் வாயைத் திறந்தாள். ‘மு’ என்று உதடு குவிந்தது. ரமாவின் ஈரமான கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. ஐந்து வருஷமாகப் பிரியமாகவே பார்த்த கண்கள். ரித்விக் செல்போனை வைத்துவிட்டு மரியாதையாகக் கைகூப்பினான்.

சொல்லு.

சொல்லித் தொலை.

“சேஷகிரி” என்றாள் ஷில்பா.

பின்வாசலில் மூச்சு இழுப்பது நின்றது.

ரமா கண்ணை மூடிக் கும்பிட்டாள். கற்பூரம் எரிந்து தீர்ந்தது. நிலையருகே கவுன் இல்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே, கொல்லைப்புறத்திலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. சரக். சரக். நீளமாக, ஒரே சீராக.

ஷில்பா தட்டை வைத்துவிட்டு ஓடினாள்.

கொல்லையில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. அனன்யா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தன்னைவிட உயரமான தென்னந்துடைப்பத்தை இரண்டு கையிலும் பிடித்து, இடுப்பை வளைத்து, மழைத்தண்ணீரைக் கூட்டித் தள்ளியது. சரக். ரெட்டைப் பின்னலில் ரிப்பன் அப்படியே இருந்தது. பின்னல் முழுக்க நரைத்திருந்தது.

“அனன்யா.”

திரும்பவில்லை. சரக்.

“கண்ணம்மா. அனன்யா!”

சரக்.

அவள் தண்ணீரில் இறங்கினாள். பின்னால் கூடத்தில் ரமா இலைக்கு நீர் சுற்றும் வளையல் ஓசை. ஷில்பா ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். யாரும் வாசலுக்கு வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள். அப்புறம்தான், மழைக்கு மட்டும் கேட்கிற குரலில், கூப்பிட்டாள்.

“அப்பா.”

துடைப்பம் நின்றது.

குழந்தை மெல்லத் திரும்பியது. ஷில்பா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பிஞ்சுக் கன்னம் இரண்டும் ஒட்டி உள்ளே போயிருந்தது. கண்களைச் சுற்றித் தோல் சுருங்கித் தொங்கியது. சின்ன உதடுகளுக்கு நடுவே பீடிக்கறை படிந்த பெரிய பற்கள். அந்த முகம் கோபப்படவில்லை. பயந்தது, அவளுக்காக. சின்ன விரலை உதட்டில் வைத்து, கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தது.

“மெதுவா கூப்டு பாப்பா” என்றது. “உள்ள கேட்டுடப் போவுது.”

பிறகு கவுனை இழுத்துச் செருகிக்கொண்டு, இருமிக்கொண்டு, அவள் கால் நின்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் கூட்டத் தொடங்கியது.