வலது கடைவாயில் ஒரு வயிற்றெரிச்சல்

பாளையங்கோட்டையில் பாதி ஊரின் கடைவாய்ப் பற்கள் ஆய்வகத்தோடு பேசிக்கொண்டிருந்தன. பல்லுக்குப் போடும் உறைக்குள் ஒரு நுண்ணுணரி. ஒவ்வொரு கடிக்கும் உறை எவ்வளவு ஆடியது, அடியில் பசை எவ்வளவு பிடித்தது என்று அது சொல்லிவிடும். உறை கழன்று சோற்றோடு வயிற்றுக்குள் போன காலமெல்லாம் போயே போச்சு. இனி மிச்சம் ஒரே கேள்விதான்: எந்தப் பசை?

போட்டியில் இரண்டு. ஒன்று பொற்கொடியுடையது, மற்றது அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஜெபராணியுடையது. வெல்லும் பசை தமிழ்நாட்டு வாய்களுக்கெல்லாம் போகும். தோற்றதைக் கைகழுவிவிடுவார்கள். சோதனைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் இருபக்கமும் ஒவ்வோர் உறை. எந்தப் பக்கம் எந்தப் பசை என்பது குலுக்கல்பொறிக்கு மட்டுமே தெரியும். ஒருத்தியின் செய்முறை இன்னொருத்திக்குத் தெரியாது. அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கமும் உண்டு: பசை செய்தவர்கள் முதலில் தங்கள் வாயில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

உறை பொருத்திய அன்றே பொற்கொடிக்கு இடப்பக்கம் கிராம்பு சுள்ளென்றது. கிராம்பெண்ணெய் சேர்த்தது அவள்தானே! அப்படியானால் வலப்பக்கம் இருப்பது ஜெபராணி. முறைப்படி அதை உடனே சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை.

பொறாமை. சும்மா இல்லை, வயிறு பற்றி எரிகிற பொறாமை. ஆய்வக இயக்குநர் யாரிடம் பேசினாலும் "நம்ம ஜெபா" என்பார். "நம்ம பொற்கொடி" என்று வாய் தவறிக்கூட வந்ததில்லை. கேன்டீன்காரர்கூட மொறுமொறு வடையை ஜெபராணிக்குத்தான் எடுத்து வைப்பார்.

"ஏட்டி, இரு, உன்னைக் கழட்டுதேன்" என்று பொற்கொடி கண்ணாடியில் தன் வலது கடைவாயைப் பார்த்துச் சொன்னாள்.

அன்று முதல் இடப்பக்கத்துக்குக் குழைந்த சோறும் வாழைப்பழமும். வலப்பக்கத்துக்குக் கடலைமிட்டாய், சீடை, கோழிக்கால் எலும்பு.

"ஏட்டி, எலும்பையாவது விட்டு வையேன். உறை என்னத்துக்கு ஆகும்?" என்றாள் கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருந்த ஜெபராணி.

"பசை நல்ல பசைன்னா நிக்கும். உனக்கென்ன பயம்?"

"எனக்கென்ன? உன் பல்லு, நீ கடி" என்று ஜெபராணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே! பொற்கொடி இன்னோர் எலும்பை எடுத்தாள்.

வருடம் முடிந்து முடிவுகள் திரையில் வந்தன. ஊர் வாய்களில் கிராம்புப் பசைதான் முந்தியிருந்தது. மற்றதில் நிறைய உறைகள் ஆட்டம் கண்டிருந்தன. ஜெபராணியின் முகம் செத்துவிட்டது. பொற்கொடிக்கு உச்சி குளிர்ந்தது.

"ஒரு நிமிஷம். இது யார் வாய்? ஜெபா பசை இதுல மட்டும் பாறையா நிக்குதே?" என்றார் இயக்குநர்.

ஜெபராணி திரையருகே ஓடினாள். "சார், எச்சில்ல இருக்க சுண்ணாம்புச் சத்தை இழுத்துத்தான் இது இறுகும். கடி பலமா விழுந்தாத்தான் இழுக்கும்னு இப்பத்தான் புரியுது. எல்லாரும் புது உறைன்னு பதனமா மென்னுருக்காங்க, அதான் ஆடிருக்கு. இந்த ஒரு ஆளுதான் ஒழுங்கா மென்னுருக்கு!"

அந்த ஆள் யார் என்று பொறி சொன்னது. ஜெபராணி பொற்கொடியைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

"ஏட்டி, என்னை நெனச்சா மென்னே?"

"ஆமா, உன்னை நெனச்சுத்தான்" என்றாள் பொற்கொடி. வேறென்ன சொல்வாள், பாவம்!

மறுசோதனையில் எல்லாரையும் பலமாகக் கடித்து மெல்லச் சொன்னார்கள். சில நாளிலேயே தாடை வலிக்கிறதென்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். உன்னால் மட்டும் எப்படி முடிந்தது என்று இயக்குநர் பொற்கொடியைத் தனியே கூப்பிட்டுத் துருவினார். கடைசியில் அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவரோ துள்ளிக் குதித்து, அதையே சிகிச்சை முறையாக்கிவிட்டார்.

இப்போதெல்லாம் பல் மருத்துவர்கள் உறை பொருத்துமுன் ஒன்று கேட்கிறார்கள்: "யாரைப் பாத்தாவது உங்களுக்கு வயிறு எரியுதா?" ஆமென்றால் ஜெபராணியின் பசை, அந்த ஆளின் படத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பிரமாதமாகப் பிடிக்கிறது.

இல்லை என்பவர்களுக்குப் பொற்கொடியின் பசை. நல்ல பசைதான், எல்லா மருத்துவமனையிலும் வைத்திருக்கிறார்கள். இன்றுவரை ஒரு டப்பாகூடத் திறந்தபாடில்லை.