முதல் வரியில் கெஹிண்டே

மூன்றாவது முறையும் கெஹிண்டேதான் மேலே நின்றான்.

மொரெனிகே திரையை உற்றுப் பார்த்தாள். இபாதான் கம்ப்யூட்டர் சந்தையில், மாடிப்படிக்குக் கீழே ஒண்டியிருக்கும் தன் பழுதுக்கடையில், பதினோரு வருடமாக லேப்டாப்களின் வயிற்றைத் திறந்து மூடுகிறவள் அவள். ஒரே லேப்டாப்பில் இரண்டு டிஸ்க், இரண்டு சிஸ்டம் என்றால் எதை முதலில் எழுப்புவது என்று சொல்லும் பட்டியல் ஒன்று உள்ளே இருக்கும்; இதில் இருந்தவை கெஹிண்டே, தைவோ என்று இரண்டு பெயர்கள். கீழே இருப்பதை மேலே ஏற்றிச் சேமித்தால் தீர்ந்தது, ஒரு பொட்டலம் வேர்க்கடலை காலியாவதற்குள் முடிகிற வேலை. இந்த லேப்டாப்போ அவள் மேலே ஏற்றிய தைவோவை மறுபடி கீழே இறக்கிவிட்டு, பத்து, ஒன்பது, எட்டு என்று தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணி முடித்ததும் கெஹிண்டேயின் பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டு கேட்டது. அது தெரிந்த ஒரே ஆளைப் புதைத்து ஆறு வாரம் ஆகிறது.

எதிர் ஸ்டூலில் தைவோ உட்கார்ந்திருந்தான். இரட்டையரில் மிஞ்சியவன். அப்பா இருவருக்குமாக ஒரே லேப்டாப் வாங்கிக் கொடுக்க, சிடி போடும் இடத்தில் இன்னொரு டிஸ்க்கைச் செருகி ஆளுக்கொன்றாகப் பங்கு பிரித்துக்கொண்டவர்கள். தைவோவின் இறுதியாண்டு ஆய்வறிக்கை அவன் டிஸ்க்கில் இருந்தது. மாலை ஐந்துக்குள் அதை அனுப்பாவிட்டால் ஒரு வருடம் போச்சு. மணி மூன்றரை.

"ஏன்டா, உயிரோட இருந்தப்பவும் உங்கண்ணன் இப்படித்தான் முண்டியடிப்பானா?"

"அவன் எதுக்குக்கா முண்டியடிக்கணும்? மொதல்ல பொறந்தது நான். அதனாலதான அவன் மூத்தவன்."

அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாத இரட்டையர் கணக்கு அது. உலகம் எப்படி இருக்கிறது, பார்த்துவிட்டு வா என்று சின்னவனை முன்னால் அனுப்பிவிட்டு, சாவகாசமாகப் பின்னால் வருகிறவன்தான் பெரியவன்.

"சரிதான். மூட்டைய வேலைக்காரன்கிட்ட குடுத்து அனுப்பிட்டு, முதலாளி கைவீசிட்டு வர்ற மாதிரி."

தைவோ சிரிக்கவில்லை. அவன் போன் அடித்தது. அம்மா. மழை தகரத்தை அறைந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணனைக் கீழ எறக்கிடாதடா. எது பண்ணாலும் அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் பண்ணு. பயறு வேகவெச்சிருக்கேன், அவனுக்கு எடுத்து வெச்சுட்டுத்தான்…"

தைவோ போனை அணைத்தான். "ஆறு வாரமா இதே பேச்சுதான்."

கரண்ட் போய் சந்தை முழுக்க இருண்டுகிடந்தது. இன்வெர்ட்டரின் ரீங்காரம், ஈர அட்டைப்பெட்டிகளின் வாடை, சால்டரிங் புகையின் கசப்பு, இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு சத்தம் மெல்லிசாகக் கேட்டது. டிஸ்க் சுழலும் சத்தம்தான், ஆனால் அது சீராக இல்லை, தூங்குகிறவனின் மூச்சு மாதிரி ஏறி இறங்கியது. மொரெனிகே காதைத் தேய்த்துக்கொண்டாள். போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி செத்திருக்கும், அதனால்தான் சொன்னதை மறக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு புதியதைப் போட்டாள். தைவோவை மேலே ஏற்றினாள். சேமித்தாள்.

கெஹிண்டே. தைவோ. பத்து, ஒன்பது, எட்டு.

"இது ஆவுறதில்ல," என்றாள். "அவன் டிஸ்க்கையே கழட்டிடறேன். கூலி வேணாம், அந்த டிஸ்க்கை எனக்குக் குடுத்துடு. இனிமே அவனுக்கு எதுக்கு அது?"

யோசித்துச் சொன்னதல்ல. எதைக் கண்டாலும் விலை கேட்கிற சந்தை நாக்கு, தானாகச் சொல்லிவிட்டது. தைவோ மழையைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான்.

"அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

"நான் எதுக்குச் சொல்றேன்? பேரம் முடிஞ்சுதா, இல்லையா?"

"முடிஞ்சுது. அவன எடுத்துக்கங்க."

அவனை என்றான். டிஸ்க்கை என்று சொல்லவில்லை. அந்தக் கணம் ஏறி இறங்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்கிற மாதிரி.

மொரெனிகே திருகாணிகளைக் கழற்றி டிஸ்க்கை உருவினாள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைப் போல் அது உள்ளங்கையில் சுட்டது. மேசை ஓரமாக வைத்தாள். லேப்டாப்பை மூடி, பொத்தானை அழுத்தினாள்.

கறுப்புத் திரை. பிறகு பட்டியல்.

அவள் கை அந்தரத்தில் நின்றது. அந்தப் பட்டியலே கெஹிண்டேயின் டிஸ்க்கில் இருப்பது. டிஸ்க் மேசையில் கிடக்கிறது.

கெஹிண்டே. தைவோ. பத்து.

கீழ் அம்பை அழுத்தினாள். வெளிச்சக் கோடு தைவோமேல் இறங்கி, ஒரு நொடி தயங்கி, மறுபடி மேலே ஏறியது.

ஒன்பது.

"தைவோ, இங்க பாரு இத."

அவன் மோவாய் நெஞ்சில் கவிழ்ந்திருந்தது. தோள்கள் அசையவில்லை.

ஏழு. மறுபடி அழுத்தினாள். ஏறியது. அழுத்தினாள். ஏறியது.

"டேய், தைவோ!"

ஐந்து. ஒயரைப் பிடுங்கினாள். பேட்டரியையும் உருவி எறிந்தாள்.

திரை அணையவில்லை.

மூன்று. விரல் அம்பிலேயே கிடந்தது. கோடு அசையக்கூட இல்லை.

இரண்டு.

ஒன்று.

பக்கம் திறந்தது. இந்த முறை பாஸ்வேர்டு கேட்கவில்லை.

ஸ்டூலில் இருந்தவன் தலை நிமிர்ந்தான். கடையைச் சுற்றிலும் நிதானமாகப் பார்த்தான், வாடகைக்கு விட்ட வீட்டைப் பார்க்க வந்த சொந்தக்காரனைப் போல. கைகளைத் திருப்பிப் பார்த்தான். விரல்களை மடக்கி நீட்டினான்.

"மணி… மணி நாலாகப் போவுது," என்றாள் மொரெனிகே. "உன் அறிக்கை…"

"அது அவனோடது."

ஒரே விரலால் மேசை ஓரத்து டிஸ்க்கை அவள் பக்கம் தள்ளினான்.

"பேசினது பேசினதுதான், அக்கா. அவன வெச்சுக்கங்க."

போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டே எழுந்தான். "நான்தாம்மா," என்றான். அந்த முனையில் ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்திலா, பயத்திலா என்று மொரெனிகேவுக்குப் பிடிபடவில்லை. அவன் லேப்டாப்பைத் திரும்பியும் பாராமல், அவசரமே இல்லாமல், மழைக்குள் இறங்கி நடந்தான்.

மேசையில், அவள் பக்கமாக, அவன் தள்ளிய டிஸ்க் கிடந்தது.

ஒயர் இல்லை. மின்சாரம் இல்லை. டிஸ்க் சுழலத் தொடங்கியது.

டிக்.

உள்ளே ஏதோ தட்டியது. நகத்தால்.

டிக். டிக்.

அவள் விரல் தகட்டைத் தொட்டதும், தட்டுகிற சத்தம் சரியாக அந்த இடத்துக்குக் கீழே வந்து நின்று, அவள் கையை எடுக்க எடுக்க இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக.