கண்ணாடி வெளுத்த கார்

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, திண்டிவனத்தில் இருதயராஜ் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர் இருதயராஜ். அவருடைய அக்கா இருதயமேரி. மருமகள் அமலா. கோட்டக்குப்பத்திலிருந்து வந்திருந்த நண்பர் ஷாகுல் ஹமீது. ஐந்தாவதாக ஒருவர் இல்லை. மகன் அறிவுச்செல்வன் கத்தாரில் வேலையில் இருந்தார்.

அன்று இருதயராஜின் மனைவி ஜெசிந்தாவின் மூன்றாம் ஆண்டு நினைவு. கோயிலில் பூசை முடிந்து, வீட்டில் படத்துக்கு முன் ஜெபமும் முடிந்த பிறகு, இருதயராஜ் மேசைமேல் மூடி வைத்திருந்த ஒரு பொருளின் துணியை விலக்கினார். கண்ணாடிபோன்ற அக்ரிலிக் பெட்டிக்குள் ஒரு சாண் நீளம்கூட இல்லாத கார் ஒன்று நின்றது. அதன் பின்விளக்குகளாக, ஜெசிந்தாவின் கல்யாணக் கம்மலிலிருந்த இரண்டு சிவப்புக் கற்களைப் பதித்திருப்பதாக அவர் ஒரு வாரமாகச் சொல்லிவந்தார்.

காரின் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தன. பின்விளக்குகள் கற்களாக இல்லை, பிளாஸ்டிக்காக இருந்தன.

இருதயமேரி மருமகளைப் பார்த்துச் சொன்னார்: "தெனம் தூசி தட்றவளுக்குத்தான் கல்லு எங்க போச்சுன்னு தெரியும்."

அமலா பதில் சொல்லவில்லை. சாயங்கால பஸ்ஸில் கெடாருக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் யாரையும் திருடி என்று சொன்னதில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு இருதயராஜ் விழுப்புரத்தில் தையல்நாயகியின் வீட்டு வாசலில் நின்றார்.

தையல்நாயகி, போலீஸில் கைரேகைப் பிரிவில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும் வீடு. பழைய ஜீப் டிரைவர் தென்னரசு மட்டும் தினமும் பத்து மணிக்குப் பேப்பர் பார்க்க என்று சொல்லிக்கொண்டு வருவார். அவர் வீட்டிலும் பேப்பர் வாங்குகிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

இருதயராஜ் வாசற்படியைச் செருப்பால் தடவிப் பார்த்து ஏறினார். உள்ளே வந்ததும் நாற்காலியிலிருந்த தென்னரசுவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வணக்கம் மேடம்."

"மேடம் அந்தாண்ட இருக்காங்க. எனக்கு மீசை இருக்குது சார்" என்றார் தென்னரசு.

"வெயில்லேர்ந்து உள்ள வந்தனா, கண்ணு கூசுது."

வெளியே சனிக்கிழமையிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது. தையல்நாயகி நாற்காலியைக் காட்டினார்.

இருதயராஜ் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியிலிருந்த துணிப்பையிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தார். பெட்டியின் மேல் வெள்ளைத் துணி. அது நழுவாமல் ஒரு மஞ்சள் ரப்பர் பேண்ட். துணியை விலக்கியதும் தென்னரசு எழுந்து வந்துவிட்டார்.

"இன்னா சார் இது, கூரையை நசுக்கி வெச்சிருக்கீங்க?"

"நசுக்கல, குறுக்கியிருக்கேன்." இருதயராஜின் குரலில் ஒரு நிமிர்வு வந்தது. "ஹாட் ராட்னு சொல்வாங்க. அமெரிக்காவுல அந்தக் காலத்துப் பசங்க பழைய காரை வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, எஞ்சினை வெளிய தெரியற மாதிரி வெச்சு ஓட்டுவாங்க. அதையே இருபத்தஞ்சுல ஒரு பங்கு அளவுல பிளாஸ்டிக் பாகமா பெட்டியில போட்டு விக்கறாங்க. ஹமீது பாய் துபாய்லேர்ந்து வர்றப்ப கொண்டாந்து குடுப்பாரு. நான் பஸ் பாடி கட்டற பட்டறையில போர்மேனா இருந்தவன். பெட்டியில வர்றத அப்படியே ஒட்டறது எனக்குப் புடிக்காது. நானே வெட்டுவேன், நானே வளைப்பேன்."

பெட்டியின் அடியில் சுற்றிலும் டேப் ஒட்டி, டேப்பிலும் பெட்டியிலுமாகக் குறுக்கே கையெழுத்துப் போட்டிருந்தது.

"இது எப்ப ஒட்டினது?" என்றார் தையல்நாயகி.

"சனிக்கிழமை சாயந்திரம். பின்கண்ணாடிய ஒட்டி, கல்லு ரெண்டையும் வெச்சு, மூடி, தூசி போவக்கூடாதுன்னு டேப் போட்டேன். இதுவரைக்கும் பிரிக்கல. மருமக டேப்பை எடுத்து மறுபடி ஒட்டியிருப்பான்னு அக்கா சொல்லுது."

"கல்லு இல்லைன்னு மொதல்ல பாத்தது யாரு?"

"அக்காதான். அந்தக் கம்மலை எங்க கல்யாணத்துக்குப் போட்டதே அதுதான்."

"கண்ணாடி வெளுத்தது?"

"பாய் சொன்னாரு."

"நீங்க?"

இருதயராஜ் சற்றுத் தயங்கினார். "அவங்க சொன்னப்புறம் பாத்தேன்."

"ஒட்டறப்ப எதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல. சொல்லப்போனா அன்னைக்கு வேலை சுத்தம். கண்ணாடிக்கு வெள்ளைப் பசைதான் போடுவோம். அது மெதுவாத்தான் புடிக்கும், அஞ்சு நிமிஷம் நகத்தி நகத்தி உக்கார வெக்கணும். அன்னைக்கு வெச்ச ஒடனே உக்காந்துகிச்சு. கை பழகிடுச்சுன்னு நெனச்சேன்."

குனிந்து பார்த்துக்கொண்டிருந்த தென்னரசு கத்திவிட்டார். "அம்மா! மாட்டினான் திருடன்! விளக்குக்குப் பக்கத்துல பாருங்க, வெள்ளையா கைரேகை! பெட்டிக்கு உள்பக்கமும் ரெண்டு!"

தையல்நாயகி பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். ஒரு விரலின் ரேகை, பவுடர் பூசியதுபோல் துல்லியமாக இருந்தது. நடுவில் குறுக்கே ஒரு கோடு, ரேகை இல்லாமல் வெறுமையாக ஓடியது. அவர் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு உள்ளே போய் டீ கொண்டுவந்தார். இருதயராஜ் டம்ளரை வாங்கும்போது தையல்நாயகி அவருடைய வலது ஆள்காட்டி விரலைப் பார்த்தார். நுனியில் பழைய தகர வெட்டு ஒன்று குறுக்கே ஆறியிருந்தது.

"ஐயா, உங்களுக்கு இன்னா தெரியணும்?"

"அவ எடுத்தாளா இல்லையா, அதான். எடுத்திருந்தா அது எங்க குடும்பத்து அசிங்கம், நானே மூடி மறைச்சுக்குவேன். எடுக்கலன்னா நான் கெடாருக்குப் போயி நிக்கணும். அக்கா பேசினப்ப வாயை மூடிக்கினு இருந்துட்டேன் மேடம். நேத்து ராத்திரி ரெண்டு பேருக்குச் சோறு வடிச்சு வெச்சிட்டேன்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை தையல்நாயகியும் தென்னரசுவும் திண்டிவனம் போனார்கள். முன்னறையின் மூன்று சுவர்களிலும் சின்னக் கார்கள் வரிசையாக நின்றன. டி.வி. மேல் துணி போர்த்தியிருந்தது. ஜன்னலோரம் வேலை மேசை: சிறு அரங்கள், இடுக்கி, பெயின்ட் டப்பாக்கள். ஒரு மூடியில் மிஞ்சிய குரோம் துண்டுகள். பக்கத்தில் இரண்டு மூடிகள் காலி. ஒரே மாதிரி இரண்டு சின்ன பாட்டில்கள்.

"இது ரெண்டும் ஒண்ணா?"

"இல்ல மேடம். ஒண்ணு சூப்பர் குளூ. இன்னொண்ணு வெள்ளைப் பசை. சூப்பர் குளூ காலியானா அந்த பாட்டில்ல வெள்ளைப் பசைய ஊத்தி வெச்சுக்குவேன், மூக்கு மெல்லிசா இருக்கும். சூப்பர் குளூ பாட்டில்ல ரப்பர் பேண்ட் சுத்தியிருக்கும். அமலா சுத்தி வெச்சது. எதுக்குன்னு கேட்டேன், சும்மா மாமான்னா."

இப்போது இரண்டு பாட்டிலிலும் ரப்பர் பேண்ட் இல்லை. தையல்நாயகி பெட்டித் துணியிலிருந்த மஞ்சள் ரப்பர் பேண்டை விரலில் உருட்டினார். ஓரிடத்தில் பசை காய்ந்து கல்போல் இறுகியிருந்தது.

"துணி நிக்கறதுக்கு இதை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"மேசை மேலேர்ந்துதான். கையில தட்டுப்பட்டுச்சு."

"துணி எப்பப் போட்டீங்க?"

"மொதல்லயே பெட்டிய அளவு பாத்துத் துணி போட்டுக் கட்டி வெச்சேன். அப்புறம்தான் கண்ணாடி ஒட்டினேன்."

பக்கத்துத் தெருவிலிருந்து இருதயமேரி வந்து சேர்ந்தார். "போலீசு வரைக்கும் போயாச்சா ராஜு? நம்ம மானம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குது, அதையும் பஸ் ஸ்டாண்டுல வெச்சு ஏலம் போட்டுடு."

"நாங்க போலீசு இல்லீங்க, ரிட்டயர்டு" என்றார் தென்னரசு.

"அது இன்னும் பேஜாரு. வேலையும் இல்ல, போவவும் மாட்டீங்க."

கெடாருக்கு அவர்கள் போனபோது அமலா வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தையல்நாயகி பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு பிடி வேர்க்கடலையை எடுத்து உரித்தார். தென்னரசு தள்ளி நின்றார். அமலாவை மிரட்டினால் உண்மை வரும் என்று பஸ்ஸில் அவர் யோசனை சொல்லியிருந்தார்.

"மேசையில மூடி காலி, அதைச் சுத்தம் பண்றது நீ. கல்லு உன்கிட்டதான இருக்குது?"

அமலா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், மடித்த கைக்குட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே இரண்டு சிவப்புக் கற்கள்.

"ஆஹா!" என்றார் தென்னரசு.

"கொஞ்சம் சும்மா இருங்க. எங்க இருந்துச்சும்மா?"

"மேசை மேல, ஒரு மூடியில. சனிக்கிழமை சாயந்திரம் பெருக்கறப்ப பாத்தேன். பக்கத்து மூடியில இருந்த பிளாஸ்டிக் விளக்கு ரெண்டும் காணோம். மாமா மாத்தி வெச்சுட்டாருன்னு புரிஞ்சுது. மறுநா காலைல அவரு குளிக்கப் போறப்ப டேப்பைப் பிரிச்சு மாத்திடலாம்னு எடுத்து வெச்சிருந்தேன். அதுக்குள்ள மாமாவோட அக்கா, பெரியம்மா, ஆறு மணிக்கே வந்துட்டாங்க."

"அதுக்கு முன்னாடியும் மாத்தியிருக்கியா?"

"ஆறு மாசமா. சக்கரம் கோணலா ஒட்டியிருப்பாரு, அவரு தூங்கறப்ப சரி பண்ணி வெப்பேன். பாட்டில் மாறாம இருக்கத்தான் ரப்பர் பேண்ட், தொட்டா தெரியும்ல."

"ஞாயித்துக்கிழமை அந்த இடத்துலயே இதைச் சொல்லியிருக்கலாமே."

"அத்தையோட நினைவு நாள்ல, எல்லார் முன்னாடியும், உங்களுக்குக் கண்ணு தெரியல மாமான்னு சொல்லணுமா? சொன்னா அன்னைக்கே எல்லாத்தையும் மூட்டை கட்டிடுவாரு. நான் ஸ்கூல் வேலைக்குக் கெளம்பினா சாயந்திரம் வரைக்கும் அந்த வீட்ல அவருக்கு வேற இன்னா இருக்குது மேடம்? நீங்களும் சொல்லாதீங்க. திருடின்னே இருந்துட்டுப் போறேன்."

தையல்நாயகி கடைசி மல்லாட்டையையும் உரித்து முறத்தில் போட்டார்.

"உன் மாமாவுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அதுக்குப் பதில் சொல்லாம நான் வீட்டுக்குப் போவ முடியாது. வா."

திண்டிவனம் திரும்பியதும் இருதயராஜை அவர் தனியாகக் கூப்பிட்டார். "ஐயா, உங்க மருமக எடுக்கல. மீதியை உங்ககிட்ட மட்டும் சொல்லட்டுமா?"

இருதயராஜ் வாசலில் தலைகுனிந்து நின்ற அமலாவைப் பார்த்தார். "அவளுக்கு அவமானம் நடந்தது நாலு பேர் முன்னாடி. அந்த நாலு பேரும் இருக்கணும். பாயைக் கூப்பிடறேன்."

மாலை ஐந்து மணிக்கு அதே முன்னறையில் அதே நான்கு பேரும் இருந்தார்கள். தென்னரசு கதவோரம் நின்றார். தையல்நாயகி பெட்டியை நடுவில் வைத்தார்.

"டேப் பிரிக்கல. பிரிச்சு ஒட்டினா கையெழுத்துக் கோடு ஒரு நூலாவது தப்பும். இது தப்பல. அப்ப சனிக்கிழமை மூடினப்புறம் உள்ள ஒரு கையும் போவல. கண்ணாடி எப்படி வெளுத்துச்சு? பாய், நீங்க துபாய்ல கார் பெயின்ட் பட்டறையில இருந்தவரு. சூப்பர் குளூ போட்டு மூடி வெச்சா இன்னா ஆவும்?"

ஷாகுல் ஹமீது தொண்டையைச் செருமினார். "ஆவி வரும். கண்ணாடியில வெள்ளையா படியும். மழை ஈரம் இருந்தா இன்னும் ஜாஸ்தி. அதனாலதான் கண்ணாடிக்கு அதைப் போடவே மாட்டாங்க."

"எங்க பிரிவுல அதே ஆவிய வெச்சுத்தான் மறைஞ்ச கைரேகைய வெளிய கொண்டாருவோம். இந்தப் பெட்டி தானாவே அந்த வேலைய செஞ்சிருக்குது. உள்ள இருக்கற ரேகை எல்லாம் ஒரே ஆளோடது. நடுவுல ஒரு வெட்டு."

"யாரு அது?" என்றார் இருதயமேரி.

இருதயராஜ் தம் வலது ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலால் தடவினார். பெட்டியைத் தூக்கி, முகத்துக்கு வெகு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இன்னும் அருகே கொண்டுபோனார். பார்க்க முடியாமல் கீழே வைத்தார்.

"வெச்ச ஒடனே உக்காந்துகிச்சு" என்றார் மெல்ல. "அது சூப்பர் குளூ. ரப்பர் பேண்டை நானே உருவிட்டேன்."

"கல்லு?" என்றார் அக்கா, விடாமல்.

அமலா கைக்குட்டையை மேசைமேல் வைத்தாள். "மூடியில இருந்துச்சு பெரியம்மா."

"பாத்தியா, இவகிட்டதான்..."

"அக்கா, உக்காரு." அந்தக் குரலில் அவர் பட்டறையில் நாற்பது பேரிடம் பேசியிருப்பார், அக்காவிடம் பேசியதில்லை. இருதயமேரி உட்கார்ந்தார். "நான் மூடிய மாத்தி எடுத்திருக்கேன். என் கண்ணு போச்சு. ஒரு வருஷமா எனக்குத் தெரியும், ஒத்துக்கல. இவளுக்குத் தெரியும், என்னைக் காப்பாத்தறதுக்காகத் திருடின்னு பேரு வாங்கிக்கினா."



"கண்புரைதான் மாமா. விழுப்புரத்துல ஆபரேஷன் பண்றாங்க" என்றாள் அமலா. "ஆறு மாசமா சக்கரம் எல்லாம் நான்தான் சரி பண்றேன். ஸ்கூல்ல லீவு சொல்லிட்டு வர்றேன்."

"ஜல்தி சொல்லும்மா" என்றார் ஹமீது. "இவன் வெச்ச சக்கரத்தை எல்லாம் நான் அழகுன்னு சொல்லிக்கினு இருந்தேன். சரி பண்ணினது நீயா?"

தென்னரசு சிரித்துவிட்டு, யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இருதயமேரி மட்டும் எழுந்து, யாரிடமும் சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு தம் வீட்டுக்குப் போனார். அதன்பின் பல நாள் அவர் அந்தத் தெருப்பக்கம் வரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது தென்னரசு கேட்டார்: "திங்கட்கிழமையே உங்களுக்குத் தெரியும்ல? எதுக்கும்மா ரெண்டு நாள்?"

"யாரு செஞ்சதுன்னு தெரியும். அந்தப் பொண்ணு ஏன் பேசலன்னு தெரியல." தையல்நாயகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாளைக்கு வர்றப்ப சாப்புடாம வாங்க. ரெண்டு பேருக்கு வெக்கறேன்."

அன்று மாலை இருதயராஜ் மருமகளின் காலில் விழுந்தார் என்று திண்டிவனத்தில் ஒரு பேச்சு சுற்றுகிறது. அவர் விழவில்லை. நிமிர்ந்து நின்று, மருமகளின் முகத்தைப் பார்த்து, அறையிலிருந்த எல்லோர் காதிலும் படும்படி, "தப்பு என்னுது" என்றார்.